மூடி வைத்த மடிக்கணினியின் பற்றரி விடிவதற்குள் தீர்வது ஏன்?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "இரவில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி, மடிக்கணினியை மூடிப் பையில் வைக்கிறேன். காலையில் பற்றரி அடியோடு தீர்ந்திருக்கிறது. சில நாட்களில் பையும் சூடாக இருக்கிறது. வேலை செய்யும்போது மூன்றரை மணித்தியாலம் நிற்கிறது. டவுனில் காட்டினேன், பற்றரி செத்துவிட்டது, 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மாற்றலாமா, ஐயா?"

மாற்ற வேண்டாம். திரையை எரியவிட்டு மூன்றரை மணித்தியாலம் வேலை வாங்கும் பற்றரியைச் செத்தது என்று சொல்பவர், ஒன்று அதைச் சோதிக்கவில்லை, அல்லது விற்பதற்கு வேறொன்றை வைத்திருக்கிறார். இன்றிரவே நீங்களே சோதிக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஷிப்ட் விசையை அழுத்தியபடி 'ஷட் டவுன்' கொடுங்கள். அப்போதுதான் இயந்திரம் முழுமையாக அணையும். காலையில் சார்ஜ் ஏறக்குறைய அப்படியே இருந்தால் பற்றரியில் குற்றமில்லை, இரவில் மின்சாரத்தைக் குடித்தது இயந்திரம்தான்.

மூடியைச் சாத்துவது அணைப்பதாகாது. பழைய மடிக்கணினிகள் மூடியதும் எஸ்-3 எனப்படும் உறக்கத்துக்குப் போகும்; நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் ஓட, மற்றவையெல்லாம் அடங்கிவிடும். புதியவற்றுள் பெரும்பாலானவற்றில் தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிட்டு, 'மொடர்ன் ஸ்டான்ட்பை' என்பதை வைத்துவிட்டார்கள். இது கைபேசியின் உறக்கத்தைப் போன்றது: திரை அணைந்திருந்தாலும் உள்ளே புரோசசர் இடையிடையே விழித்து, மின்னஞ்சலையும் மென்பொருள் புதுப்பிப்பையும் பார்த்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் செலவு சொற்பம்தான். ஆனால் உதிரிப்பாகங்களை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவர் ஒன்றோ ஏதேனும் ஒரு செயலியோ இயந்திரத்தை உறங்கவிடாமல் பிடித்துக்கொண்டால், பையினுள் வெப்பம் வெளியேற வழியின்றி அது இரவு முழுதும் விழித்திருக்கும். உங்கள் பை சுட்டதற்கும் இதுவே காரணம்.

இப்படி மாற்றியவர்கள் பெட்டிக்குள் ஒரு தாளாவது, அதுவும் நமக்குப் புரியும் மொழியில், வைத்திருக்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. இன்றும் மழைக்காலத்தில் மரமொன்று கம்பியில் சாய்ந்தால் லயன் வீடுகளில் எப்போது வெளிச்சம் வரும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. லக்ஷபான மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தும் நமக்கு இந்த நிலைதான். இத்தகைய இடத்தில் பற்றரியில் மிஞ்சும் ஒவ்வொரு சதவீதமும் மறுநாள் பாடத்துக்கானது. அதைக் கேட்காமலே செலவழிக்கும் இயந்திரத்தைத் தலையில் கட்டுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். விண்டோஸின் கன்ட்ரோல் பெனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்' என்பதைத் திறந்தால், இடப்பக்கத்தில் மூடியைச் சாத்தும்போது என்ன நடக்க வேண்டும் என்று தெரிவுசெய்யும் இணைப்பு இருக்கும். அதில் பற்றரியில் இயங்கும்போது என்ற இடத்தில் 'ஸ்லீப்' என்பதை 'ஹைபர்னேட்' என்று மாற்றிச் சேமியுங்கள். ஹைபர்னேட் நீங்கள் திறந்து வைத்த வேலையையெல்லாம் வன்தட்டில் எழுதிவிட்டு இயந்திரத்தை அணைத்துவிடும். காலையில் பவர் பொத்தானை அழுத்தினால், சற்றுத் தாமதமாக, விட்ட இடத்திலிருந்தே எல்லாம் திரும்பும். மூடியவுடனே பையில் திணிக்காமல், விளக்கு அணையும்வரை பொறுத்திருங்கள். அந்தப் பட்டியலில் ஹைபர்னேட் இல்லையென்றால் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரேயொரு கட்டளை வரியில் இயக்கிவிடலாம், பாடசாலையின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் அதைச் செய்து தருவார்.

இதற்குள் ஒருவர் வந்து, பழைய உறக்கத்தையே கொண்டுவந்து தருகிறேன், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றம் போதும் என்பார். காசு கொடுத்துவிடாதீர்கள். இயந்திரத்தின் அடிப்படை மென்பொருளில் எஸ்-3 இல்லாதபோது அந்த மாற்றத்தைச் செய்தால், உள்ள உறக்கமும் போய்விடும். இன்னும் மோசமானவர்கள், தோட்டந்தோட்டமாகப் பழுது சேகரித்துக் கொழும்புக்குக் கொண்டுபோகும் தரகர்கள். நல்ல பற்றரியைக் கழற்றிக்கொண்டு, 'ஒரிஜினல்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மட்டமான ஒன்றைப் போட்டுத் தருபவர்கள் அவர்களுள் உண்டு. எப்போதாவது மாற்ற நேர்ந்தால், பழைய பற்றரியைக் கையில் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் தரும் பற்றரி அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அதில் அருகருகே இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாயிருந்தால் மாற்றுவதற்கு எதுவுமில்லை.

ஒரேயொரு நிலையில் மட்டும் உடனே மாற்றத்தான் வேண்டும். விரலால் தடவும் டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் நின்றாலோ, மேசையில் வைத்தால் இயந்திரம் ஆடினாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. அப்போது சார்ஜ் ஏற்றக்கூடாது. அழுத்திச் சரிசெய்யக்கூடாது. கத்தியாலோ ஊசியாலோ குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைக்கே போகாதீர்கள். லித்தியம் பற்றரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். இயந்திரத்தை அணைத்து, அடுப்புக்கும் மெத்தைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் சீமெந்துத் தரையில் வைத்து, மறுநாளே கழற்றக் கொடுங்கள். உங்கள் இயந்திரத்தைத் தட்டையான மேசையில் வைத்து இதை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு ஹைபர்னேட்டை இயக்குங்கள்.