கரும்பு விஞ்ஞானிக்கு விரதமும் வீடும் ஒத்துவருமா?

மொரிஷியஸில் கரும்பு ஆராய்ச்சி வேலைக்குப் போனால் கோயிலுக்கும் குடும்பத்துக்கும் நேரம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். அப்பா அந்த வேலைதான் பார்த்தார்.

கரும்பு பூப்பது மே, ஜூன் வாக்கில். இரண்டு ரகப் பூக்களின் மகரந்தத்தைச் சேர்த்துப் புது ரகத்துக்கு விதை எடுக்கும் அந்த வாரங்களில் மட்டும் அவரை வீட்டில் பார்ப்பது அரிது. விதை தூசி மாதிரி இருக்கும், தும்மினால் போச்சு! அதிலிருந்து ஒரு ரகம் வயலுக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். பேர்பெற்ற எம் 134/32 ரகத்தில் கடைசி எண் அது பிறந்த ஆண்டான 1932ஐக் குறிக்கிறது. தோட்டமெங்கும் அது பரவியது நாற்பதுகளில்தான்.

தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வரும், இங்கே அரசு விடுமுறை. பத்து நாள் விரதமிருந்து கோர் தெ கார்ட் மலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பார். பிறகு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. அங்கேயும் வழியில் பார்த்த கரும்பு எந்த ரகம் என்றுதான் பேச்சு, அம்மா முறைப்பார்.