பூட்டிக் கிடக்கும் கடலோர வீடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஸ்பெயினின் கடற்கரை வீடுகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஆறு இங்கே. ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகள் மீது உள்ளூர்க்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சோறு போடுகிறவன் முகத்திலேயே தண்ணீர் அடிப்பது என்ன நியாயம்? (கோயம்புத்தூர் வாசகர்)

அது 2024 ஜூலையில். அதற்கு முன்பே, ஏப்ரல் 20 அன்று, ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் பல்லாயிரம் பேர் "எங்கள் தீவுகளுக்கும் ஓர் எல்லை உண்டு" என்று தெருவுக்கு வந்திருந்தார்கள். அந்த ஆண்டு ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 9.4 கோடி. நாட்டின் மக்கள்தொகை ஐந்து கோடிகூட இல்லை. சோறு போடுகிற தொழில்தான், மறுக்கவில்லை. ஆனால் பலேயாரிக் தீவுகளில் ஒன்றான இபீசாவில் அந்தத் தொழிலில் வேலை பார்ப்பவர்களே வேனிலும் கேரவனிலும் படுத்து எழுகிறார்கள். பலேயாரிக் தீவுகளில் ஆசிரியர்களுக்குச் செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் வீடு என்று ஒப்பந்தம் போடும் வழக்கம் உண்டு. கோடை பிறந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். வார வாடகைக்கு வருபவர் கொடுக்கும் காசுக்கு முன்னால் வாத்தியார் சம்பளம் எம்மாத்திரம்?

தண்ணீர்த் துப்பாக்கியில் எனக்கு உடன்பாடில்லை. நனைந்தவர் ஒரு வாரம் வந்துபோகும் அப்பாவி. வீட்டை வாங்கிப் பூட்டிவைத்தவர் அன்று அந்த ஊரிலேயே இருந்திருக்கமாட்டார்.

கேள்வி: ஐயா, நான் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவன். அடுத்த ஆண்டு ஓய்வு. டொரெவியெஹாவில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு வாங்கி, நவம்பர் முதல் மார்ச் முடிய அங்கே இருக்க ஆசை. முடியுமா? (லண்டன், ஹாரோ வாசகர்)

வாங்கலாம். இருக்கத்தான் முடியாது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். உங்கள் கணக்கு 151 நாள் வருகிறது. வீட்டுச் சாவி கையில் இருப்பதை எல்லைக் காவலர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

வேலை செய்யாமல் வாழ்வோருக்கென ஒரு விசா இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும், மனைவிக்கு மேலும் 7,200. பிரிட்டனின் முழு அரசு ஓய்வூதியம் இந்த 28,800இல் ஏறக்குறைய பாதிதான். அதனால் தனியார் ஓய்வூதியமோ சேமிப்போ கைவசம் இருக்க வேண்டும். ஆண்டில் 183 நாளைத் தாண்டினால், உலகில் எங்கு வரும் வருமானத்துக்கும் ஸ்பெயின் வரிக் கணக்கில் இடம் உண்டு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அங்கே வசிக்காதவர் வீட்டை வாடகைக்கே விடாவிட்டாலும், விட்டதுபோல் பாவித்து ஒரு கற்பனை வருமானத்துக்கு வருடந்தோறும் வரி கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தார் என்றால் 19 சதவீதம், உங்களுக்கு 24. என்னைக் கேட்டால் முதலில் இரண்டு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜனவரியில் அந்தக் கட்டடங்களில் வெந்நீர்ப் பை இல்லாமல் தூக்கம் வராது. விளம்பரப் படங்கள் எல்லாம் ஜூனில் எடுத்தவை.

கேள்வி: ஓய்வுபெற்று வந்து குடியேறுபவரா, விடுமுறை வீடு வாங்குபவரா? ஊருக்கு யாரால் கெடுதல் அதிகம்? (பொருளாதார மாணவி, திருச்சி)

இரண்டையும் "வெளிநாட்டுக்காரர்" என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் விவாதம் குழம்புகிறது. அலிகாண்டே மாகாணத்தில் விற்பனையாகும் வீடுகளில் பத்துக்கு நான்குக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகின்றன. சான் ஃபுல்ஹென்சியோ, ரொஹாலெஸ் போன்ற ஊர்களில் அவர்களே பெரும்பான்மை. ஆனால் அங்கேயே வாழும் எழுபது வயதுக்காரர் பிப்ரவரியிலும் ரொட்டி வாங்குகிறார், முடி வெட்டிக்கொள்கிறார், காபிக் கடையில் உட்கார்கிறார். பிரிட்டிஷ் ஓய்வூதியர் என்றால் மருத்துவச் செலவைப் பிரிட்டன் அரசே ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

அவரிடம் எனக்குள்ள ஒரே புகார் 'பத்ரோன்' என்னும் நகராட்சிக் குடிப் பதிவேடு. மத்திய அரசிடமிருந்து ஊருக்கு வரும் பணம் அதில் உள்ள தலைக்கணக்கைப் பார்த்தே வருகிறது. வரித்துறை தேடி வந்துவிடுமோ என்ற பயத்திலும் சோம்பலிலும் பலர் பதிவதில்லை. குப்பை அள்ளுவதற்கும் காவலுக்கும் ஆள் போதவில்லை என்று குறைப்படுவதில் மட்டும் அவர்களே முன்னால் நிற்பார்கள். பதிந்தவருக்கு உள்ளூர்த் தேர்தலில் ஓட்டும் உண்டு. பிரிட்டிஷாருக்கு 2019 ஒப்பந்தத்தின்படி, மூன்றாண்டு அங்கே வசித்திருந்தால் போதும்.

விடுமுறை வீடு வேறு ரகம். பத்து மாதம் ஜன்னல் அடைப்பு இறங்கியே இருக்கும். ஆனால் குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் ஆகஸ்டுக் கூட்டத்தை நினைத்தே போட வேண்டும். அக்டோபரில் ரொட்டிக் கடை மூடும், அதன்பின் பஸ் குறையும், பிறகு பள்ளியில் ஒரு வகுப்பு குறையும். ஆகவே என் ஓட்டு விடுமுறை வீட்டுக்கு எதிராகத்தான். கூடவே ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: தாத்தாவின் எலுமிச்சைத் தோப்பை நல்ல விலைக்குக் கட்டுமானக்காரருக்கு விற்றது உள்ளூர்க் குடும்பம்தான். அதே இடத்தில் வீடு வாங்க முடியாமல் இன்று பேரன் கொடி பிடிக்கிறான்.

கேள்வி: வீடு வாங்கினால் வசிப்புரிமை தந்த 'தங்க விசா'வை நிறுத்தியதால் விலை இறங்கியதா?

இல்லை. 2013இல் தொடங்கி 2025 ஏப்ரல் 3இல் முடிந்த திட்டம் அது. ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்க வேண்டும். முதல் பத்தாண்டில் அப்படி விசா பெற்றவர்கள் பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. வெளிநாட்டவரோ ஓராண்டிலேயே எண்பதாயிரம் வீடுகளுக்கு மேல் வாங்குகிறார்கள். ஓட்டைப் படகிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை இறைத்ததுபோல. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வாங்கினால் நூறு சதவீதம் வரை வரி என்று பிரதமர் சான்செஸ் 2025 ஜனவரியில் சொன்னார். பெரும்பான்மை இல்லாத அரசின் அறிவிப்பு அது. சட்டமாவது வேறு கதை.

கேள்வி: அல்மெரியாவில் என் நண்பரின் வீட்டுக்கு நகராட்சி அனுமதி இருக்கிறது. பிறகும் சட்டவிரோதம் என்கிறார்களே? (டொரொன்டோ வாசகர்)

நகராட்சி கொடுத்ததை, அல்மெரியா அடங்கிய அந்தலூசியாவின் பிராந்திய அரசு செல்லாது என்று சொல்லலாம். 2008 ஜனவரியில் வேரா என்ற ஊரில், நகராட்சி அனுமதியோடு கட்டிய ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் ஓய்வுக்கால வீட்டை இடித்தே தள்ளினார்கள். அந்தப் பக்கத்து விவசாய நிலங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படித்தான் முளைத்தன. 2015இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கு இழப்பீட்டை உறுதிசெய்த பிறகே இடிக்கலாம் என்று ஆக்கினார்கள். 2019இல் அந்தலூசியா கொண்டுவந்த ஆணையின் கீழ், அரைகுறை அங்கீகாரமாவது பெற்று மின்சாரமும் தண்ணீரும் வாங்க வழி பிறந்தது. நண்பர் உடனே உள்ளூர் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். விற்பவர் சிபாரிசு செய்யும் வழக்கறிஞரை மட்டும் பார்க்க வேண்டாம்.

கேள்வி: பெனிடார்ம் போல அசிங்கமான கடற்கரை உலகில் உண்டா? (கட்டடக்கலை மாணவர், மதுரை)

உங்கள் பேராசிரியர் சொல்லிக்கொடுத்திருப்பார். நான் எதிர்க்கட்சி. மீன்பிடி ஊராக இருந்த பெனிடார்முக்கு 1956இலேயே நகரத் திட்டம் போட்டவர் மேயர் பெத்ரோ சரகோசா. பிகினிக்கு அனுமதி கேட்டு ஒரு வெஸ்பா ஸ்கூட்டரில் மாட்ரிட் வரை போய் அன்றைய சர்வாதிகாரி பிராங்கோவைப் பார்த்தார் என்று கதை சொல்வார்கள். கோபுரம் கோபுரமாக எழுப்பியதால் அந்த ஊர் தின்ற நிலம் குறைவு. கடலுக்கு நடந்தே போகலாம். தோட்டமும் நீச்சல் குளமுமாக மலைச்சரிவெங்கும் பரவிய தனி வீடுகள்தாம் நிலத்தையும் நீரையும் தீர்க்கின்றன. ரொட்டி வாங்கவே கார் எடுக்க வேண்டும். ஓய்வூதியர்களைக் குறைந்த செலவில் அழைத்துப்போகும் அரசுத் திட்டம் ஒன்று 1985 முதல் நடக்கிறது. அதனால் டிசம்பரிலும் பெனிடார்ம் ஓட்டல்களில் கூட்டம் இருக்கும். 186 மீட்டர் உயரப் பாலி ஓட்டலை அழகு என்று நான் சொல்லவில்லை. குளிர்கால இரவில் கடற்கரையோரம் நின்று, எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு பக்கத்து மலைச்சரிவைப் பாருங்கள்.