நேர்முகத் தேர்வுக்குப் புதிய உடை வாங்கித்தான் போக வேண்டுமா?

“அடுத்த வாரம் எனக்கு முதல் நேர்முகத் தேர்வு. நல்ல உடை என்று சொல்ல இரண்டுதான் இருக்கின்றன. புதிதாக வாங்கு என்கிறார்கள் தோழிகள். என்ன அணிந்து போவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். அந்த இரண்டில் எது உங்கள் உடம்புக்கு நன்றாகப் பழகியிருக்கிறதோ அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு அணிந்து போங்கள். காலணி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: புதிதும் வேண்டாம், இரவலும் வேண்டாம். இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

கணக்குப் பிரிவு வேலை ஒன்றுக்குத்தான் நான் முதன்முதலாக நேர்முகத் தேர்வுக்குப் போனேன். படிப்பு முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அக்கா அப்போதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குதிகால் உயர்ந்த கறுப்பு ஷூ ஒன்று வைத்திருந்தாள். “இதைப் போட்டுக்கொண்டு போ, தானாக நிமிர்ந்து நடப்பாய்” என்றாள். அவளுடைய பாதம் என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கத்தில் பஞ்சைத் திணித்து அவளே என் காலில் மாட்டிவிட்டாள். கூடத்தில் நாலு எட்டு வைத்துப் பார்த்தேன். சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்தது.

அலுவலகத்தில் நீண்ட நடைகூடம், வழவழப்பான தரை. ஒவ்வோர் அடிக்கும் என் குதிகால் ஷூவை விட்டு எழும்பி மறுபடி அதற்குள் விழுந்தது. அடிக்கு இரண்டு சத்தம்: தரையில் ஒன்று, என் பாதத்துக்கடியில் ஒன்று. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். கதவை அடைவதற்குள் என் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

உள்ளே மூன்று பேர். தேய்மானத்தில், அதாவது ஒரு சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் கணக்கில் கழிப்பதில், நேர்க்கோட்டு முறைக்கும் குறைந்துசெல் மதிப்பு முறைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டு, பலகையில் ஓர் உதாரணம் போடச் சொன்னார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். முதலாவதில் ஆண்டுதோறும் ஒரே தொகை கழியும். இரண்டாவதில் மீதமிருக்கும் மதிப்பின் மீது அதே சதவீதம் கழிவதால் தொகை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வரும். எழுந்து நின்றதும் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கி, சுண்டுவிரல் மடங்கி அதனடியில் சிக்கிக்கொண்டது. இயந்திரத்தின் மதிப்பு 10,000, தேய்மானம் 10 சதவீதம் என்று எழுதினேன். முதலாண்டு 1,000. இரண்டாம் ஆண்டு 9,000-இன் மீது கணக்கிட்டு 900 என்று எழுத வேண்டிய இடத்தில் மறுபடியும் 1,000 என்று எழுதினேன். மனம் முழுவதும் சுண்டுவிரலில் இருந்தது. “போதும், உட்காருங்கள்” என்றார் நடுவில் இருந்தவர். நாற்காலிக்குத் திரும்பிய அந்த நான்கு அடிக்கும் அதே இரட்டைச் சத்தம்.

வேலை கிடைக்காமல் போனதற்கு ஷூதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. என்னைவிடத் திறமையானவர் வந்திருக்கலாம். ஆனால் தெரிந்த கணக்கை நான் தப்பாகப் போட்டதற்கு அந்த ஷூதான் காரணம். இதை யார் மறுத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்காவையும் குறை சொல்லவில்லை, அவள் நல்ல மனதோடுதான் கொடுத்தாள்.

பல வருடங்கள் கழித்து இசைக்குழுத் தேர்வுகள் பற்றி ஒன்று படித்தேன். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952-இல் வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் வைத்துத் தேர்வு நடத்தத் தொடங்கியது. பின்னாளில் மற்ற குழுக்களும் அதைக் கைக்கொண்டன. திரை இருந்தும், குதிகால் ஓசையை வைத்தே வருவது பெண் என்று தெரிந்துவிடும் என்பதால், சில இடங்களில் தரையில் விரிப்புப் போட்டார்கள், ஷூவைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நடைகூடத்தில் ஒரு விரிப்பு இருந்திருக்கலாம்.

“திறமை இருந்தால் போதாதா, உடையா வந்து வேலை செய்யப் போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஓர் உலகம் எனக்கும் வேண்டும். ஆனால் ஒன்பது வருடங்களாக மேசைக்கு அந்தப் பக்கத்தில், தேர்வுக் குழுவில் உட்கார்ந்து வருகிறேன். உடை கண்ணில் படத்தான் செய்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே முகத்தை, கொஞ்சம் வசதியானவர் உடை போலத் தெரியும் சட்டையோடும், கொஞ்சம் எளியவர் உடை போலத் தெரியும் சட்டையோடும் காட்டி, இவர் எவ்வளவு திறமைசாலி என்று கேட்டார்கள். வசதியான உடையில் இருந்த முகத்துக்கே கூடுதல் மதிப்பெண் விழுந்தது. ஏறத்தாழ 130 மில்லி விநாடி மட்டும் காட்டியபோதும் அப்படித்தான். உடையைப் பொருட்படுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள், சரியாக மதிப்பிட்டால் பணம் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார்கள். மாறவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து, வருபவரிடம் மூன்று கேள்வியாவது கேட்டு முடிக்காமல் மதிப்பெண் தாளில் நான் பேனா வைப்பதில்லை.

அப்படியானால் விலை உயர்ந்த உடைதானே நல்லது என்று தோன்றும். என் அனுபவத்தில், மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து விலை தெரிவதில்லை. கசங்கல் தெரிகிறது, அழுக்கு தெரிகிறது, விட்டுப்போன பொத்தான் தெரிகிறது. அளவு பொருந்தாததும் உடனே தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, உடையோடு ஒருவர் போராடுவது தெரிகிறது. ஒரு தம்பி பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சட்டையோடு வந்தார். மடிப்புகள் மார்பில் கட்டம் கட்டமாக நின்றன. ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் அவர் கை கழுத்துக்குப் போய் வந்தது. உற்றுப் பார்த்தேன். காலருக்கு அடியில் வைத்து விற்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் பட்டை அப்படியே இருந்தது. “வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, காலரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு வாருங்கள்” என்றேன். திரும்பி வந்தவர் வேறு ஆள். அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம். நான் சலுகை காட்டினேன் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகவே, இன்றே அந்த உடையை அணிந்து அரை மணி நேரம் நாற்காலியில் உட்காருங்கள். உட்காரும்போது பொத்தான்களுக்கு நடுவில் துணி பிளக்கிறதா, கையைத் தூக்கிப் பலகையில் எழுதுவதுபோல் செய்தால் தோளில் இழுக்கிறதா என்று பாருங்கள். அதே காலணியோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். கோட்டு என்றால் பின்பக்கப் பிளவில் குறுக்காகப் போட்டிருக்கும் நூல் தையலை வெட்டிவிட வேண்டும், கடையில் குலையாமல் இருப்பதற்காகப் போடுவது அது. தொழிற்கூடம் உள்ள இடமென்றால் உள்ளே சுற்றிக்காட்ட அழைத்துப் போவார்கள், கால்விரல்களை மூடும் ஷூ அவசியம். மூடிய அறையில் அதிக வாசனைத் திரவியம் வேண்டாம், எனக்கே தலைவலி வந்திருக்கிறது. காணொளி வழித் தேர்வென்றால் நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் அது நெளிந்து அலையடிக்கும். நிறத்தைப் பற்றி இவ்வளவு பேர் ஏன் கவலைப்படுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை.

குதிகால் ஷூ அணியத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015 டிசம்பரில் லண்டனில் வரவேற்பாளர் வேலைக்கு முதல் நாள் போன நிக்கோலா தார்ப் என்ற பெண், தட்டையான ஷூ அணிந்திருந்தார் என்பதற்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள், 2017-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. அதே ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், பணியிடத்தில் குதிகால் ஷூவைக் கட்டாயப்படுத்துவதைத் தடைசெய்தது. பிடித்து அணிபவர்கள் தாராளமாக அணியட்டும், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் நிறுவனம் “ஒரு வாரத்தில் தெரிவிக்கிறோம்” என்றது. இன்றுவரை தெரிவிக்கவில்லை. நாற்பது நாள் தினமும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். இல்லை என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? வருபவர் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் அக்கறையில்லாதவர் என்று குறித்துக்கொள்கிறவர்கள், வந்து போனவருக்கு ஒரு பதில் போடாமல் இருப்பதை என்னவென்று குறித்துக்கொள்வார்கள்? எங்கள் குழுவில் பத்து நாளுக்குள் எல்லாருக்கும் பதில் போய்விட வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை அழைத்த கடிதத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டு, “உங்கள் அலுவலகத்தில் வழக்கமாக எப்படி உடுத்துவார்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கு ஒரு படி மேலாக, உங்கள் இரண்டில் ஒன்று நிச்சயம் பொருந்தும். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். எங்களிடம் அப்படிக் கேட்டவர்கள் பலர், அதற்காக ஒருவருக்கும் நாங்கள் மதிப்பெண் குறைத்ததில்லை.