‘எவ்ரி சம்மர் ஆஃப்டர்’ நாவலில் வரும் பெர்சியை மன்னிக்கலாமா? வாசகர்கள் ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கிறார்கள்?

கேள்வியோடு நின்றிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். கீழே நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “மன்னிக்கலாம் என்று சொல்பவர்களுக்குத் தன்மானமே கிடையாதா?” அதற்குத்தான் இந்தப் பதில். இப்படிக் கேட்பவர் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. உங்களிடம் யாரோ திரும்பி வந்து நிற்கிறார்கள், அல்லது நீங்கள் யாரிடமோ திரும்பிப் போக நினைக்கிறீர்கள். என் ஊகம் பிழை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவும் வெளியே வந்துவிடும், விருப்பமில்லாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போனாலும் பயனில்லை, இங்கேயே நிறுத்திவிடுங்கள். கார்லி ஃபோர்ச்சூன் எழுதி 2022இல் வந்த நாவல். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பரீஸ் பே என்று ஒரு சிற்றூர், கமனிஸ்கெக் என்று ஒரு ஏரி. பெர்சிக்கு 13 வயதாக இருக்கும்போது அவளுடைய தாய் தகப்பன் அந்த ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜ், அதாவது விடுமுறை வீடு, வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டில் சாம், அவனுடைய தமையன் சார்லி, தகப்பன் இல்லாத இரண்டு பெடியன்களையும் உணவகம் நடத்தி வளர்க்கிற தாய் சூ. ஆறு கோடைகாலங்கள். முதலில் சிநேகிதம், பிறகு காதல். சாம் படிக்கப் போய்விட, இருவருக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் பெர்சி சார்லியோடு ஓர் இரவு இருந்துவிடுகிறாள். அதைச் சொல்லாமலே சாமை விட்டு விலகுகிறாள். 12 வருடம் பேச்சில்லை. பிறகு சூ இறந்த செய்தி வர, செத்தவீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். அந்த ஒரு வாரஇறுதியும் பழைய கோடைகளும் மாறி மாறி வரும்.

வாசகர் சண்டை எங்கே என்றால் அந்த ஓர் இரவில்தான். “அண்ணனோடயா? வேற ஆளே கிடைக்கேல்லையா?” என்று ஒரு பக்கம். “அவன்தானே முதலில் தள்ளி நின்றான், அவளுக்கு 18 வயது” என்று மறுபக்கம். இன்னும் ஒரு கூட்டம், “இவ்வளவு சின்ன விசயத்துக்கா 12 வருடம் வாய் திறக்காமல் இருந்தார்கள், ஒரு போன் எடுத்திருந்தால் நாவலே இல்லை” என்று சலித்துக்கொள்கிறது. கதையை விட்டுவிட்டு அந்த ஏரிக்காகவே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் நிறையப் பேர்.

நான் இலக்கிய விமர்சகர் இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பல்வைத்தியரிடம் வேலை செய்கிறேன், பேருந்தில் வாசிக்கிறேன், அவ்வளவுதான். காதல் கதை வாசிப்பதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் தயவுசெய்து எனக்குக் கீழே வந்து உலக இலக்கியப் பட்டியல் போட வேண்டாம்.

என் கருத்து இது. பெர்சி செய்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் எப்போது சொல்கிறாள் என்பதுதான் உறுத்துகிறது. அந்த வாரஇறுதியில் இருவரும் பழையபடி நெருங்கியதற்குப் பிறகு, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில்தான் உண்மை வருகிறது. வந்தால், சாமுக்கு அது ஏற்கெனவே தெரியும். சார்லி எப்போதோ சொல்லிவிட்டான். அதனால் என்ன நடக்கிறது? சாம் அதைக் கேட்டறிந்த அந்த நாளை நாங்கள் பார்க்கவே இல்லை. அவன் என்ன செய்தான், எதை உடைத்தான், எத்தனை நாள் தமையனோடு பேசாமல் இருந்தான், ஒன்றும் நமக்கு முன்னால் நடப்பதில்லை. ஆறிப்போன சாமைத்தான் நாவல் நமக்குத் தருகிறது. மன்னிக்க முடியாது என்று கத்துகிற வாசகர்கள், என் எண்ணத்தில், சாம் படாத கோபத்தைத் தாங்கள் படுகிறார்கள். ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ 1817 கடைசியில் வந்தது. அதிலும் ஒருத்தி வென்ற்வர்த் என்பவரைக் கலியாணம் செய்ய மறுத்துவிட்டு எட்டு வருடம் கழித்து அதே ஆளைப் பார்க்கிறாள். ஆனால் அங்கே வென்ற்வர்த்தின் மனக்கசப்பு அவள் காதில் விழுகிறது, நாங்களும் அவளோடு சேர்ந்து அதைத் தாங்குகிறோம். பிறகு அவன் கடிதம் வரும்போது அது பெரிதாக இருக்கிறது.

இப்போது என் கதை. இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், மறைக்கவில்லை.

நானும் இவரும், என் கணவரைத்தான் சொல்கிறேன், ஒரே உயர்பள்ளி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் ஒன்று. பல்கலைக்கழகம் முடியும்வரை ஒன்றாகத் திரிந்தோம், இரண்டு வீட்டுக்கும் தெரியும். திடீரென்று இவர் போன் எடுப்பதை நிறுத்தினார். கொஞ்ச நாளில் வேறு ஒரு பெண்ணோடு எழுத்து (கலியாணப் பதிவு) முடிந்துவிட்டது என்று ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “தாய் மருந்து குடிக்கப் போறன் எண்டு வெருட்டிப்போட்டா, பாவம் பெடியன் என்ன செய்யிறது” என்று ஊரெல்லாம் கதை. என் அம்மா கோயிலில் அவருடைய அம்மாவைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவா. அப்படியே வருடங்கள் போயின. அந்தக் கலியாணம் நிலைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை, அதனால் விடுகிறேன்.

திரும்பச் சந்தித்தது எங்கள் தமிழ் ரீச்சரின் செத்தவீட்டில். செத்தவீட்டில் சந்திப்பது சினிமாத்தனமாக இருக்கிறது என்று இந்த நாவலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஊரை விட்டு வந்த சனத்திடம் கேட்டுப் பாருங்கள். ரொறன்ரோவில் எங்கள் ஆட்களை நாங்கள் காண்பதே பியூனரல் ஹோமிலும் கலியாண மண்டபத்திலும்தான்.

பார்வைக்கு வைத்து முடிந்து எல்லாரும் வெளியே வருகிறோம். ஜனவரி மாதம், கார் கண்ணாடி முழுக்க ஐஸ். நான் சுரண்டிக்கொண்டு நிற்கிறேன். இவர் வந்து மற்றப் பக்கக் கண்ணாடியைத் தன் கையிலிருந்த சுரண்டியால் சுரண்டினார். சுகம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“நான் சொல்லுறதை முதல் கேளும், பிறகு உமக்குக் கதைக்க விருப்பமில்லாட்டி நான் போறன். அம்மா மருந்து குடிக்கப் போறன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. அவ கேட்டவ, நான் ஓம் எண்டனான். தங்கச்சியின்ர கலியாணம், வீட்டு மோட்கேச், அந்தப் பக்கத்துச் சீதனம், எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் ஓம் எண்டனான். உமக்கு முகம் குடுத்துச் சொல்லப் பயம். அதால அம்மாவைச் சாட்டினனான்.”

எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் கூடியது. தாயின் மிரட்டலுக்குப் பணிந்த பிள்ளை என்று நினைத்திருந்தவரை என்னால் கொஞ்சம் பாவம் பார்க்க முடிந்தது. இது அதைவிட மோசம். பல மாதம் அவருடைய எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை. ஆனால் ஒன்று. அவர் அந்த வரியை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. தன் தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், என் தம்பியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார், அத்தனை வருடம் ஊர்ப் பழியைச் சுமந்த தன் தாயிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்தத் தாய், இப்போது என் மாமி, முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் அம்மா ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து, ஆற்றி, கையில் குடுத்தா. மாமியும் கதைக்கவில்லை, வாங்கிக் குடித்தா. இருவரும் இப்போது ஒன்றாகத்தான் கோயிலுக்குப் போகிறார்கள்.

நாங்கள் பதிவுத் திருமணம் செய்தோம். மண்டபம் எடுக்கவில்லை. பெரியம்மா ஒருவர் வரவும் இல்லை, “கழிச்சுவிட்டவனைத் திருப்பி எடுக்கிறவளுக்கு ரோசம் இருக்கோ” என்று போனில் சொன்னதை நான் மறக்கவும் இல்லை. உங்கள் கேள்வியின் கடைசி வரியும் அதே சொல்தான், அதனால்தான் சுட்டது.

யாராவது வந்து “அப்படியென்றால் அடிக்கிற புருசனையும் மன்னிக்கச் சொல்கிறீர்களா” என்று கேட்பீர்கள் என்று தெரியும். இல்லை. அடித்தவன், வெருட்டியவன், காசைப் பறித்தவன் திரும்பி வந்தால் கதவைத் திறக்க வேண்டாம். நான் சொல்வது கோழைத்தனத்தால் விட்டுப்போன ஒருவரைப் பற்றி. பெர்சியும் அந்த வகைதான்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த நாவலை எடுத்தபோது ஒரு அக்கா, “இதெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சரிவரும், எங்கட பண்பாட்டில இல்லை” என்றார். மரியாதைக்காக அன்று சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன், இங்கே விரித்துச் சொல்கிறேன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த சிலப்பதிகாரம் என்ன கதை? மாதவியிடம் இருந்துவிட்டுக் கோவலன் திரும்பி வருகிறான். வந்த அன்று அவன் வெட்கப்படுவது முன்னோர் தேடிய பொருள் மலைபோல் இருந்தது தொலைந்து போயிற்றே என்றுதான். கண்ணகி, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மதுரைக்குப் போய், ஆயர் வீட்டில் அவள் கையால் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவன் வாயில், பெற்றோர் சொல்லைத் தவறினேன், உனக்கும் சிறுமை செய்தேன் என்று வருகிறது. அவள் என்ன, ஒன்றும் சொல்லாமலா இருந்தாள்? “போற்றா ஒழுக்கம் புரிந்தீர்” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்ன கொஞ்ச நேரத்தில் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், திரும்பவில்லை. கோவலனை ஏற்றதற்காகக் கண்ணகிக்குத் தன்மானம் இல்லை என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை, சிலை வைத்துக் கும்பிடுகிறோம். ஒரு 18 வயதுப் பெட்டை ஓர் இரவு தவறினால் மட்டும் பண்பாடு வந்துவிடுகிறது.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால், பெர்சி ஏரியைக் குறுக்கே நீந்திக் கடக்கப் பழகுவது. சாம் பக்கத்தில் வள்ளத்தில் வருவான். பெரிய வசனம் ஒன்றும் இல்லை, அவன் கூட வருகிறான் என்பது போதும். சூவின் உணவகமும் பிடித்தது, அங்கே பெரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை செய்வார்கள். அந்தப் பக்கம் போலந்தில் இருந்து வந்த கஷூபியச் சனம் 1858 தொடக்கம் குடியேறிய இடம், பக்கத்தில் வில்னோ என்ற ஊர்தான் கனடாவின் முதல் போலந்துக் குடியேற்றம். எழுத்தாளரும் பரீஸ் பேயில் வளர்ந்தவர், அதனால் தண்ணீரும் தெருவும் சமையலும் உண்மையாக இருக்கின்றன.

ஆனால் அந்த ஏரிக்கரை எல்லாருக்கும் அப்படித் திறந்து கிடப்பதில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் வாசித்த ஆசையில் மாமி, அம்மா, தம்பி குடும்பம் எல்லாருக்குமாக ஒரு கொட்டேஜ் வாடகைக்குப் பதிந்தோம். காசும் கட்டியாயிற்று. எங்கள் பெயர்களைப் பார்த்த பிறகு உரிமையாளரிடமிருந்து கேள்விகள்: எத்தனை பேர், பார்ட்டி வைப்பீர்களா, மணக்கிற சாப்பாடு சமைப்பீர்களா. எல்லாவற்றுக்கும் பண்பாகப் பதில் எழுதினேன். இரண்டாம் நாள், குழாய் உடைந்துவிட்டது, காசைத் திருப்புகிறோம் என்று செய்தி. அன்று பின்னேரமே அதே திகதிகள் அதே விலைக்குத் திரும்பவும் திறந்து கிடந்ததை என் தம்பி படம் எடுத்து வைத்திருக்கிறான். முறைப்பாடு எழுதினேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு பதில். நாங்கள் அல்கொன்குவின் பூங்காவில் கூடாரம் போட்டு, பிக்னிக் மேசையில் அடுப்பு வைத்து ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சினோம். மாமி கரையில் கதிரை போட்டு, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருந்தா. அடுத்த கூடாரத்துக் குடும்பம் வந்து என்ன கறி என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. அந்த உரிமையாளர் மேல் எனக்குள்ள கோபம் அதனால் குறையவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு. பெர்சியை நான் மன்னித்துவிட்டேன், நாவலாசிரியருக்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். உங்களிடம் வந்து நிற்கிறவர் விசயத்தில், அவர் காரணம் சொல்லும்போது தாயையும் தகப்பனையும் காலத்தையும் எத்தனை தரம் சொல்கிறார், ‘நான்’ என்று எத்தனை தரம் சொல்கிறார் என்று கவனியுங்கள். கேட்டதும் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நான் மாதக் கணக்கில் எடுத்தேன்.

சார்லியைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அவனுடைய கதை ‘ஒன் கோல்டன் சம்மர்’ என்று 2025இல் தனி நாவலாக வந்திருக்கிறது, அதே ஏரிதான். இதை முடித்துவிட்டு அதை எடுங்கள். மாற்றி வாசித்தால் இதில் கடைசிவரை ஒளித்து வைத்திருப்பது முன்னமே தெரிந்துபோகும்.