நெல்லைப் பக்கத்துச் சின்ன கேசட் கம்பெனி ஒன்றின் வரலாற்றை எப்படித் திரட்டுவது?

வில்லுப்பாட்டும், மகுடம் அடித்துக் கதை பாடி ஆடும் கணியான் கூத்தும் வெளியிட்டு மூடிப்போன கம்பெனிக்குக் கணக்குப் புத்தகம்கூட மிஞ்சவில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேசட்டிலிருந்தே தொடங்குங்கள். முதலில் பழைய மைக்செட்காரர்களைப் பாருங்கள். கோயில் கொடை விழா ஒவ்வொன்றிலும் ஒலிபரப்பியவர்கள் அவர்கள். பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன் கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்த அச்சு அட்டையை (இன்லே) படியுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் சேர்த்த 52ஏ பிரிவின்படி, தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர், முதலில் வெளியான ஆண்டு எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். ஆண்டு இல்லையென்றால் முகவரியே துப்பு. ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்றிருந்தால், 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானதற்கும் 1997இல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் நீக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட அட்டை அது. ஆனால் இது அட்டை அச்சான காலம்தான். பாட்டு அதற்கு முன்பே பதிவாகியிருக்கலாம். கேசட் எண்களை வரிசைப்படுத்துங்கள். நடுவில் விடுபடும் எண்கள்தான் நீங்கள் தேட வேண்டிய கேசட்டுகள்.

அடுத்தது நாடா. ஜன்னல் வழியே சுருளில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். கேசட் ஓட்டும் டெக்கில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஒலியைப் படிக்கும் ஹெட்டில் நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கும், ஏறி இறங்கும். அப்போது ரீலை ஐந்து திருகு வைத்த வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். சி-90 (90 நிமிட) நாடா சி-60ஐவிட (60 நிமிடம்) மெல்லியது, சுமார் 12 மைக்ரான்தான். வேகமாகச் சுற்றினால் இழுபடும்.

பலரும் கோட்டைவிடுவது ஹெட்டின் சாய்வை. பதிவு செய்த டெக்கின் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் மேல்சுரங்கள் அமுங்கிவிடும். மோனோவில் வைத்து, ஹெட் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். வில்லுப்பாட்டில் இதற்கு அருமையான அளவுகோல் உண்டு: வில்லை அடிக்கும் வீசுகோல் படும்போது குலுங்கும் வில்மணி. அது மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கணியான் கூத்தென்றால் ஜால்ராவின் ஓசையைக் கவனியுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

இனி கணினியில் பதிவு: சாதாரண நாடாவுக்கு டெக்கின் ஒலிச் சமன் (ஈக்வலைசேஷன்) 120 மைக்ரோசெகண்டில் இருக்கட்டும், இரைச்சல் குறைக்கும் டால்பியை அணைத்துவிடுங்கள், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். குடத்தில் விழும் அடி திடீரென எகிறும், ஆகவே உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். இரைச்சலை நீக்குவதெல்லாம் நகலில் மட்டும்.

விடிய விடியப் பாடும் கதை பக்கத்துக்கு அரை மணியாக வெட்டுப்பட்டிருக்கும். எந்தப் பகுதியை விட்டார்கள் என்று பாடிய அண்ணாவியிடமே (குழுவின் முதன்மைப் பாடகர்) போட்டுக்காட்டிக் கேளுங்கள். குடம், உடுக்கை, கட்டை வாசித்தவர்கள் பெயரையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் பெரும்பாலும் அவை இருக்காது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் பாதி அங்கேதான் இருக்கிறது.

இணையத்தில் ஏற்ற அவசரப்படாதீர்கள். ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டு: 1988இல் வெளியானது 2048 முடியும்வரை. கம்பெனிக்காரரிடமோ வாரிசிடமோ எழுத்தில் இசைவு வாங்குங்கள். பாடியவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.