பழி கடல் மீது

கேள்வி: ரொமான்டிக் ஓவியர்கள் (காதல் படம் அல்ல, உணர்ச்சிக்கும் இயற்கையின் சீற்றத்துக்கும் முதலிடம் தந்த அந்தக்கால ஐரோப்பிய ஓவியர்கள்) கப்பல் விபத்துகளை இத்தனை வரைந்தது, கொந்தளிக்கும் கடலை நேரில் பார்த்ததால்தானே? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: கொந்தளிப்பாவது! எல்லோரும் கைகாட்டும் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் ‘மெதூசாவின் தெப்பம்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1816 ஜூலை 2 அன்று மொரித்தானியா கரைக்கு அப்பால், மணல்திட்டில் தட்டி நின்றது ‘மெதூசா’ என்ற பிரெஞ்சுக் கப்பல். புயலும் இல்லை, ஒன்றும் இல்லை. இருபது வருஷமாகக் கப்பல் ஓட்டாத ஒருவரை ராஜ விசுவாசி என்பதற்காகக் கேப்டன் ஆக்கியிருந்தார்கள். சிபாரிசு ஆள் படகேறிவிட்டார். சுமார் 20 மீட்டர் நீளத் தெப்பத்தில் 147 பேர். இழுத்துப்போன படகுகள் கயிற்றையும் கைவிட்டன. 13 நாள் கழித்து ‘ஆர்கஸ்’ என்ற கப்பல் வந்தபோது உயிரோடு 15 பேர். அன்று கடல் அமைதி. அலையைக் கிளப்பியது ஜெரிக்கோ. பட்டினி கிடந்தவர்களுக்குப் பயில்வான் தோள் கொடுத்ததும் அவர்தான். அந்த உடம்புக்கு நீந்தியே செனகல் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நேரில் பார்த்தார்களா? பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு புயலைப் பார்த்ததாக ஆங்கில ஓவியர் டர்னர் சொன்ன கதையை அவருடைய பக்தர்கள் இன்னும் எனக்கு எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் புயல் படம் காட்சிக்கு வந்த 1842இல் அவருக்கு வயது 67. அதே கதை அவருக்கு முன்பே பிரெஞ்சு ஓவியர் ழோசப் வெர்னே பேரிலும் உலவியது. வெர்னேயின் பேரன் அதைப் படமாகவே 1822இல் வரைந்துவிட்டார். ஜெர்மன் ஓவியர் பிரீட்ரிக், பனியில் நொறுங்கிய கப்பலைக் காட்டும் ‘பனிக்கடல்’ வரைந்தது எல்பே ஆற்றில் மிதந்த பனிக்கட்டிகளைப் பார்த்து. ஆர்க்டிக் பக்கம் அவர் போனதே இல்லை.

ஜெரிக்கோவின் படத்துக்கு உண்மையான ஆபத்து பிட்டுமென், அதாவது தாரிலிருந்து செய்த பழுப்பு வண்ணம். பூசியதும் பளபளவென்று ஆழமான பழுப்பு தரும், ஓவியர் மயங்கிவிடுவார். ஆனால் அது முழுசாகக் காயவே காயாது. மேலே பூசிய வண்ணம் பாலாடை மாதிரி முதலில் இறுகும், அடியில் உள்ளது இளகியே கிடக்கும். விளைவு: சுருக்கம், அகல வெடிப்பு, நாளாக நாளாகக் கறுப்பு. எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தோடு அல்ட்ராமரீன் நீலத்தைக் கலந்தால் அதே கருமை கிடைக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போகக் கூடுதல். இதைத் தலைகீழாக்கினால் பிட்டுமென் இல்லாமலே வெடிக்கும்.

‘அச்சில் படம் இருட்டடித்துவிட்டதே’ என்று நம் அச்சகத்தைத் திட்டுகிறவர்கள் கவனிக்க: பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தொங்கும் 491க்கு 716 சென்டிமீட்டர் அசலும் அப்படித்தான். அது கெட்டுக்கொண்டே வந்ததால் 1859–60லேயே முழு அளவில் நகல் எடுக்க வேண்டியதாயிற்று. நகல் பிரான்சின் ஆமியென் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.