முதல் நாளே திருப்பி அனுப்புவார்களா?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. முடித்து, முப்படை அதிகாரி வேலைக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். பெங்களூருவுக்கு, அடுத்த கட்டமான எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. முதல் நாளே பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாமே? பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: ஆமாம் அம்மா, அனுப்புவார்கள். அப்படி மாலை ரயிலேறியவன்தான் நானும். இரண்டாம் முறைதான் தேறினேன். காலையில் புத்திக்கூர்மைத் தேர்வு. அது பெரிய விஷயமில்லை. அப்புறம் ஒரு மங்கலான படத்தை 30 நொடி காட்டுவார்கள். 4 நிமிடத்தில் கதை எழுதி, குழுவில் சொல்லி, எல்லாரும் பேசி ஒரே கதைக்கு வரவேண்டும். இங்கேதான் மீன் சந்தை! முதல் முறை என் கதையே ஜெயிக்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த முறை, வாய் திறக்க இடமே கிடைக்காத பையனைக் காட்டி, "இவரையும் கேட்போமே" என்றேன். அவ்வளவுதான், தேறிவிட்டேன்.

ஆங்கிலம் சுமாரா? பரவாயில்லை, நிதானமாகப் பேசட்டும். மறுநாள் உளவியல் தேர்வில் 60 சொற்கள் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நொடியில் ஒரு வாக்கியம் எழுதவேண்டும். மனப்பாட வாக்கியங்கள் வேண்டாம்.

முதல் நாள் தேறினால் மொத்தம் 5 நாள் தங்கவேண்டும். வெள்ளை டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, கேன்வாஸ் ஷூ எடுத்து வையுங்கள். அசல் சான்றிதழ்கள் கைப்பையில் இருக்கட்டும்.